தோட்டாவுக்கு விலை உண்டு, அது கிடந்த இடத்துக்கு?

கண்ணாடி மூடி போட்ட சின்னப் பெட்டி. உள்ளே கறுப்பு வெல்வெட் துணி. அதன்மேல் வெளுத்துப்போன ஓர் ஈயத் தோட்டா, ஒரு பித்தளைப் பொத்தான், வளைந்து நெளிந்த ஒரு கடிவாளத் துண்டு. பக்கத்தில் அச்சடித்த சீட்டு: "இந்தியப் போர்கள் காலம், மொன்டானா, நிலத்தில் தோண்டி எடுத்தது." கீழே விலை. இணைய ஏலத் தளங்களிலும் அமெரிக்காவின் துப்பாக்கிக் கண்காட்சிகளிலும் இப்படிப்பட்ட பெட்டிகளைச் சாதாரணமாகப் பார்க்கலாம். வாங்குகிறவருக்குச் சந்தோஷம், விற்கிறவருக்குக் காசு. யாருக்கும் நஷ்டம் இல்லாத வியாபாரம் மாதிரித்தான் தெரிகிறது.

ஆனால் அந்தச் சீட்டை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். மொன்டானா என்பது ஒரு மாநிலம். பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அதில் எந்த மேடு? எந்த ஓடைக்கரை? எத்தனை அங்குல ஆழம்? பக்கத்தில் வேறு என்ன கிடந்தது? ஒன்றும் இல்லை. அந்தத் தோட்டா சொல்லக்கூடிய விஷயத்தில் முக்கால்வாசி, அதை எடுத்த குழியிலேயே மண்ணோடு மண்ணாகப் போய்விட்டது. பெட்டியில் இருப்பது கொஞ்சம் ஈயம்.

இந்தப் பதிவின் வாதம் ஒரே வரிதான்: அமெரிக்க மேற்கு எல்லைப்புறத்தின் பழம்பொருட்களைத் தோண்டியெடுத்துச் சேர்ப்பவர்கள் தங்களை "சரித்திரத்தைக் காப்பாற்றுகிறவர்கள்" என்று சொல்லிக்கொள்கிறார்கள், இடத்தைக் குறிக்காமல் தோண்டும்போது, துண்டு துண்டாக விற்கும்போது, அவர்கள் செய்வது நேர் எதிரான வேலை.

கோபப்பட வேண்டாம். காரணங்களைப் பார்க்கலாம்.

என்னதான் தோண்டுகிறார்கள்?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிசிசிப்பிக்கு மேற்கே அமெரிக்க ராணுவம் நிறையக் கோட்டைகளைக் கட்டியது. கோட்டை என்றதும் செஞ்சிக் கோட்டையைக் கற்பனை செய்ய வேண்டாம். பல இடங்களில் அவை மண் சுவரும் மரச் சட்டமும் கொண்ட முகாம்கள்தான். பத்து, இருபது வருஷம் இருந்துவிட்டுக் கைவிடப்பட்டவை. அவற்றோடு சுரங்க ஊர்கள், ரயில்பாதைக் கூலிகளின் முகாம்கள், கோச்சு வண்டி நிலையங்கள், தனி வீடுகள்.

இங்கெல்லாம் மண்ணுக்குள் கிடப்பவை இரண்டு வகை. ஒன்று ராணுவச் சாமான்: தோட்டா, தோட்டா உறை, கழுகுச் சின்னம் போட்ட சீருடைப் பொத்தான், பெல்ட் பக்கிள், குதிமுள், லாடம். இன்னொன்று வீட்டுச் சாமான்: மருந்து பாட்டில், சாராய பாட்டில், உடைந்த பீங்கான், தகர டப்பா, பொம்மைத் தலை, சீப்பு, களிமண் புகைக்குழாய். முதல் வகையைத் தேட மெட்டல் டிடெக்டர். இரண்டாம் வகைக்குப் பழைய கழிப்பறைக் குழிதான் முதல் இலக்கு! அந்தக் காலத்தில் வீட்டுக் குப்பையையும் அதற்குள்ளேதான் போட்டார்கள். (நூறு வருஷத்துக்கு மேல் ஆனதால் நாற்றம் கிடையாது, பயப்பட வேண்டாம்.)

இந்தப் பொருட்களில் பல சாதாரணமானவை. ஒரு பொத்தானைப் போலவே ஆயிரக்கணக்கான பொத்தான்கள் உண்டு. அதனால்தான் "ஒன்றை எடுத்தால் என்ன குறைந்துவிடும்?" என்ற கேள்வி எழுகிறது. குறைவது என்ன என்பதற்கு லிட்டில் பிக்ஹார்னை விட நல்ல பதில் கிடையாது.

ஒரு காட்டுத்தீ சொல்லிக்கொடுத்த பாடம்

1876 ஜூன் 25. மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரை. கஸ்டர் தலைமையில் வந்த 7-ஆம் குதிரைப்படையின் ஒரு பகுதி, லகோட்டா, ஷையான் வீரர்களிடம் முழுவதுமாக அழிந்தது. கஸ்டரோடு நின்ற சுமார் 210 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து கதை சொல்ல ஆள் இல்லாததால் ஓவியங்களும் சினிமாவும் கதை சொல்லின. மேட்டின் உச்சியில் கடைசித் தோட்டா வரை வீரத்தோடு நின்ற கஸ்டர்!

போரில் ஜெயித்தவர்கள் உயிரோடுதான் இருந்தார்கள். அவர்கள் வேறு மாதிரிச் சொன்னார்கள். சிப்பாய்கள் ஒரு கட்டத்தில் ஒழுங்கு குலைந்து ஓடினார்கள், சண்டை சீக்கிரம் முடிந்துவிட்டது என்றார்கள். வெள்ளைக்கார வரலாற்றாசிரியர்கள் பலர் அந்தச் சாட்சியங்களைச் சந்தேகத்தோடுதான் தொட்டார்கள்.

1983 ஆகஸ்டில் அந்தப் புல்வெளி தீப்பிடித்து எரிந்தது. புல் போனதும் தரை தெரிந்தது. 1984-லும் 1985-லும் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் முதலிய தொல்லியலாளர்கள் அங்கே இறங்கினார்கள். கையில் மெட்டல் டிடெக்டர். அதை இயக்கியவர்களில் பொழுதுபோக்காக டிடெக்டர் பிடிக்கும் தன்னார்வலர்களும் இருந்தார்கள். (இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.) டிடெக்டர் சத்தம் போட்ட இடத்தில் ஒரு கொடி நடுவார்கள். மெதுவாகத் தோண்டுவார்கள். பொருள் கிடந்த இடம், ஆழம், எந்தத் திசை நோக்கி, எந்தச் சாய்வில் கிடந்தது என்று எல்லாவற்றையும் அளந்து குறித்த பிறகுதான் அதை எடுப்பார்கள்.

பிறகு நடந்தது போலீஸ் தடயவியல் வேலை. ஒரு துப்பாக்கி சுடும்போது அதன் ஊசி தோட்டா உறையின் அடியில் ஒரு தழும்பைப் பதிக்கிறது. அது துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். இரண்டு இடங்களில் கிடைத்த உறைகளில் ஒரே தழும்பு இருந்தால், ஒரே துப்பாக்கி முதலில் இங்கே சுட்டது, பிறகு அங்கே சுட்டது என்று அர்த்தம். ஒரு மனிதன் நூறு வருஷத்துக்கு முன் ஓடிய பாதையை வரைபடத்தில் போட்டுவிடலாம்.

அப்படிப் போட்டபோது என்ன தெரிந்தது? பூர்வகுடி வீரர்களிடம் சுமார் நாற்பது வகைத் துப்பாக்கிகள் இருந்திருக்கின்றன. தொடர்ந்து சுடக்கூடிய ஹென்றி, வின்செஸ்டர் ரகங்களும் அவற்றில் உண்டு. சிப்பாய்களிடம் இருந்ததோ ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும் ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைன். "துப்பாக்கியில் உறை சிக்கிக்கொண்டதால்தான் தோற்றார்கள்" என்ற பிரபலமான சாக்கும் சோதனைக்கு உள்ளானது. சிக்கிய உறையைக் கத்தியால் நெம்பினால் அதில் கீறல் இருக்க வேண்டும். அப்படிக் கீறல் இருந்தவை மிகச் சிலவே. ஃபாக்ஸ் 1993-இல் எழுதிய நூலில், படை கட்டுக்குலைந்து சிதறியது என்பதை உறைகளின் பரவலை வைத்தே வாதிட்டார். ஒரு நூற்றாண்டாகப் பூர்வகுடிகள் சொல்லிக்கொண்டிருந்ததற்குப் பக்கத்தில் வருகிற முடிவு.

இப்போது கேள்விக்கு வரலாம். அந்த உறைகள் தனித்தனியாக எவ்வளவு மதிப்பு? ஒவ்வொன்றும் சில டாலர். அவை கிடந்த இடங்களோடு சேர்த்துப் பார்த்தால்? ஒரு நாட்டின் மிகப் பெரிய கட்டுக்கதைகளில் ஒன்றைப் பரிசோதிக்கும் சாட்சி. நடுவிலிருந்து ஒரு ஐம்பது உறையை யாரோ முன்பே பொறுக்கி வெல்வெட் பெட்டியில் போட்டிருந்தால், அந்த ஓட்டப்பாதையில் ஐம்பது அடிகள் காணாமல் போயிருக்கும். உண்மையில் போர் முடிந்த நாள் முதலே அங்கே ஞாபகார்த்தப் பொருள் பொறுக்கியவர்கள் ஏராளம். மிச்சம் இருந்ததை வைத்துத்தான் இவ்வளவும் தெரிந்தது.

படுகொலையா, போரா?

அடுத்தது இன்னும் கனமான விஷயம். 1864 நவம்பர் 29. கொலராடோவில் சேண்ட் கிரீக் என்ற ஓடையோரம் ஷையான், அரப்பாஹோ மக்கள் முகாமிட்டிருந்தார்கள். சமாதானம் வேண்டி வந்தவர்கள். கர்னல் சிவிங்டன் சுமார் 675 சிப்பாய்களோடும் மலைப் பீரங்கிகளோடும் விடியற்காலையில் தாக்கினார். இறந்தவர்கள் சுமார் 230 பேர். பெரும்பகுதி பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். சுட மறுத்துத் தன் ஆட்களைத் தடுத்து நிறுத்திய கேப்டன் சைலஸ் சோல், நடந்ததைக் கடிதமாக எழுதினார். சிவிங்டனுக்கு எதிராகச் சாட்சியும் சொன்னார். 1865 ஏப்ரலில் டென்வர் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். சிவிங்டன் கடைசி வரை "அது போர்தான்" என்றார். அவருக்காக வாதாட ஆட்களும் இருந்துகொண்டே இருந்தார்கள்.

காலப்போக்கில் அந்த இடம் சரியாக எங்கே என்பதிலேயே குழப்பம் வந்துவிட்டது. இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லி 1998-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே போட்டது. அதை முன்னெடுத்த செனட்டர் பென் நைட்ஹார்ஸ் காம்ப்பெல் ஷையான் இனத்தவர். 1999-இல் நடந்த தேடலில், பழங்குடிப் பிரதிநிதிகளும் கூட இருக்க, மெட்டல் டிடெக்டர் உதவியோடு சுமார் 400 பொருட்கள் கிடைத்தன. என்னென்ன? பீரங்கிக் குண்டுச் சிதறல், தோட்டாக்கள், அவற்றோடு கரண்டி, தட்டு, கோப்பை, கெட்டில், சமையல் பாத்திரம்.

பாத்திரங்கள்! ஒரு போர்ப்படை தட்டும் கரண்டியும் கெட்டிலும் விரித்து வைத்துக்கொண்டு சண்டைக்குக் காத்திருக்காது. அது குடும்பங்கள் குடியிருந்த இடம். அந்தக் குடியிருப்பின் மேல் பீரங்கிக் குண்டு விழுந்திருக்கிறது. பதிலுக்குப் பெரிய அளவில் சுட்டதற்கான தடயம் இல்லை. இதையெல்லாம் மண் சொன்னது. 2007-இல் அந்த இடம் தேசிய வரலாற்றுத் தலமாகத் திறக்கப்பட்டது.

சேகரிப்புச் சந்தையின் கண்ணோட்டத்தில் அந்தக் கரண்டிக்கும் நசுங்கிய கெட்டிலுக்கும் விலையே கிடையாது. குண்டுச் சிதறலுக்கு நல்ல விலை உண்டு. ஒரு ஆள் முன்னமே போய், விலை போகும் குண்டை மட்டும் எடுத்துக்கொண்டு கெட்டிலைத் தூக்கி எறிந்திருந்தால்? இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன என்ற அந்த ஒரு விவரம்தான் சாட்சி. அதுதான் அழிந்திருக்கும். இங்கே போவது ஒரு ஞாபகப்பொருள் மட்டும் என்று எப்படிச் சொல்வது? கொல்லப்பட்டவர்களின் வழக்கில் ஆதாரம் போகிறது.

பாட்டில் பொறுக்குகிறவர்கள்

"நாங்கள் போர்க்களத்துக்குப் போவதில்லை, பழைய பாட்டில்தான் எடுக்கிறோம்" என்பவர்கள் உண்டு. குப்பைக் குழியில் என்ன சரித்திரம் என்பது அவர்கள் கேள்வி.

நெவாடாவில் வர்ஜீனியா சிட்டி என்ற வெள்ளிச் சுரங்க ஊர். அங்கே 1860-களிலிருந்து 1875 வரை பாஸ்டன் சலூன் என்று ஒரு மதுக்கடை. நடத்தியவர் வில்லியம் பிரவுன் என்ற கறுப்பினத்தவர். வாடிக்கையாளர்களும் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். கௌபாய் படங்களில் இப்படி ஒரு கடையைப் பார்த்திருக்கிறீர்களா? 2000-இல் கெல்லி டிக்சன் தலைமையில் அந்த இடத்தைத் தோண்டினார்கள். கிடைத்ததெல்லாம் உடைசல். ஆனால் என்ன உடைசல்! உயர்ந்த ரகக் கண்ணாடிக் கோப்பைகள், நல்ல கறியின் எலும்புகள். துண்டுகளை ஒட்டிச் சேர்த்தபோது டபாஸ்கோ மிளகாய்ச் சாறு பாட்டிலின் மிகப் பழைய வடிவம் ஒன்று உருவானது. ஒரு புகைக்குழாயின் காம்பில் இருந்த எச்சிலின் மரபணு, அதைப் புகைத்தவர் ஒரு பெண் என்று சொன்னது. வெள்ளைக்கார ஆண்களின் உலகம் என்று நினைத்த எல்லைப்புற மதுக்கடையில் கறுப்பின முதலாளி, தரமான விருந்து, புகைபிடிக்கும் பெண்! பாட்டில் சேகரிப்பவர் அந்த இடத்துக்கு முன்பே வந்திருந்தால், முழுசாக இருந்த நாலு பாட்டிலை எடுத்துக்கொண்டு, உடைசலையும் எலும்பையும் கலக்கி மறுபடியும் குழியில் தள்ளியிருப்பார். அவருக்கு உடைந்த கண்ணாடி குப்பை. சரித்திரத்துக்கு அதுதான் சரக்கு.

இன்னொரு உதாரணம். 1869 மே 10-இல் முடிந்த அமெரிக்கக் கண்டம் கடக்கும் ரயில்பாதையின் மேற்குப் பாதியைப் போட்டவர்கள் ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள். சியரா நெவாடா மலையைக் குடைந்தவர்கள் அவர்கள்தான். அவர்களில் ஒருவர் எழுதிய கடிதமோ நாட்குறிப்போ இதுவரை கிடைக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இதற்காகத் தனித் திட்டமே நடத்தித் தேடியது, அப்போதும் சிக்கவில்லை. அப்படியானால் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்படித் தூங்கினார்கள், எதை வைத்து வலியை மறந்தார்கள் என்று எப்படித் தெரியும்? மூங்கில் படம் போட்ட சோற்றுக் கிண்ணத்தின் சில்லு, சோயா ஜாடி, சின்ன மருந்துக் குப்பி, அபின் டப்பா, நடுவில் ஓட்டை போட்ட சீனக் காசு... இவைதான் அவர்கள் விட்டுப்போன எழுத்து. அந்தக் காசும் அபின் டப்பாவும் சேகரிப்பாளர்களுக்கு ரொம்பப் பிடித்த சாமான்கள். ஒரு முகாமைச் சூறையாடுவது, எழுதத் தெரிந்தும் எழுத்து மிஞ்சாமல் போன மனிதர்களின் ஒரே கடிதத்தைக் கிழிப்பதற்குச் சமம்.

கல்லறை வரைக்கும்

சந்தை இருக்கும் இடத்தில் எல்லை தானாக நகரும். நியூ மெக்ஸிகோவில் ஃபோர்ட் கிரெய்க் என்ற ராணுவக் கோட்டை, 1854 முதல் 1885 வரை இயங்கியது. "பஃபலோ சோல்ஜர்ஸ்" என்று அழைக்கப்பட்ட கறுப்பினச் சிப்பாய்கள் அங்கே பணியாற்றினார்கள். இறந்தவர்களைக் கோட்டையின் கல்லறையில் புதைத்தார்கள். பல வருஷம் கழித்து, ஒரு தனியார் சேகரிப்பாளரின் வீட்டில் சீருடையோடு ஒரு சிப்பாயின் உடல் இருந்ததாக அதிகாரிகளுக்குத் தகவல் வந்தது. விசாரித்தால் கல்லறைகள் தோண்டப்பட்டிருக்கின்றன! 2007-இல் அரசாங்கமே ஓசைப்படாமல் அங்கே மிச்சம் இருந்த 67 பேரின் எச்சங்களைத் தோண்டி எடுக்க வேண்டி வந்தது. திருடர்களிடமிருந்து காப்பாற்ற வேறு வழி இல்லை. அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். 2009-இல் சாண்டா ஃபே தேசியக் கல்லறையில் மறுபடி அடக்கம் செய்தார்கள்.

எல்லாச் சேகரிப்பாளரும் கல்லறை தோண்டுவதில்லை. பெரும்பாலோர் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள், அது உண்மை. ஆனால் "சிப்பாயின் சீருடைப் பொத்தான்" என்று ஒரு பொருளுக்கு விலை வைத்து, எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்கும் பழக்கம் இருக்கும்போது, அந்தப் பொத்தான் குப்பைமேட்டில் கிடந்ததா, செத்தவன் மார்பில் இருந்ததா என்பது வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? கேட்காத சந்தைதான் கல்லறைத் திருடனுக்குப் பாதுகாப்பு.

அவர்கள் சொல்லும் சமாதானங்கள்

ஒன்று: "நாங்கள் எடுக்காவிட்டால் துருப்பிடித்துப் போய்விடும்." இரும்புக்கு இது ஓரளவு பொருந்தும். ஈயமும் பித்தளையும் செம்பும் கண்ணாடியும் பீங்கானும் அவ்வளவு சீக்கிரம் போகாது. நியூ மெக்ஸிகோவில் ஹெம்ப்ரியோ பள்ளத்தாக்கைப் பாருங்கள். 1880 ஏப்ரலில் விக்டோரியோ தலைமையிலான அப்பாச்சிகளும் 9-ஆம் குதிரைப்படையும் மோதிய இடம். பிற்பாடு அது வெள்ளை மணல் ஏவுகணைத் தளத்துக்குள் சிக்கிக்கொண்டதால் பொதுமக்கள் போக முடியவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் கழித்துத் தொல்லியலாளர் கார்ல் லாம்பாக் குழுவினர் ஆராய்ந்தபோது, தோட்டா உறைகள் விழுந்த இடத்திலேயே கிடந்தன. யார் எந்தப் பாறைக்குப் பின்னால் நின்றார்கள் என்பது வரை சொல்ல முடிந்தது. மண் அந்தப் பொருட்களைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தது. ஆள் நடமாட்டம் இல்லாததுதான் அவற்றுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். அதே சமயம், ஏர் உழும் வயலிலும் புல்டோசர் வரப்போகும் மனையிலும் இந்த வாதத்துக்கு நியாயம் உண்டு. அங்கேயும் குறிப்பெடுத்துத் தோண்டுவதற்கு ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும். அதைச் செய்ய என்ன தடை?

இரண்டு: "எங்கள் நிலம், எங்கள் உரிமை." சட்டப்படி சரி. அமெரிக்காவில் தனியார் நிலத்தில் கிடைக்கும் பழம்பொருள் பெரும்பாலும் நிலச் சொந்தக்காரருடையது. 1979-இல் வந்த தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டம், கூட்டரசு நிலத்திலும் பழங்குடி நிலத்திலும் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருட்களை அனுமதியில்லாமல் தோண்டுவதைத்தான் முக்கியமாகத் தடுக்கிறது. முதல் குற்றத்துக்கே 10,000 டாலர் வரை அபராதமோ ஒரு வருஷம் வரை சிறையோ கிடைக்கலாம். சேதத்தின் மதிப்பு 500 டாலரைத் தாண்டினால் 20,000 டாலர், இரண்டு வருஷம். தனியார் நிலத்துக்கு இந்தக் கடுமை இல்லை. ஆனால் உரிமை இருக்கிறது என்பதால் செய்வதெல்லாம் சரியாகிவிடுமா? அப்பா வைத்துப்போன பழைய ஓலைச்சுவடியைக் கிழித்து அடுப்பு மூட்டவும் ஒருவருக்கு உரிமை உண்டு. மூட்டிவிட்டு "நான் தமிழைக் காப்பாற்றினேன்" என்று சொன்னால்தான் சிரிப்பு வரும்.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். அரசு நிலத்தில் திருடியதும் தனியார் நிலத்தில் நியாயமாக எடுத்ததும் சந்தைக்கு வந்தபின் ஒரே மாதிரித்தான் இருக்கும். இடக்குறிப்பு இல்லாத வியாபாரம் திருட்டுச் சரக்கை வெளுக்கும் சலவைக் கடை.

மூன்று: "தொல்லியலாளர்கள் எடுத்தால் கிடங்கில் பெட்டி பெட்டியாகப் பூட்டி வைக்கிறார்கள். எங்கள் வீட்டில் நாலு பேராவது பார்க்கிறார்கள்." இதில் உண்மை இருக்கிறது. கிடங்குகள் நிரம்பி வழிகின்றன. பல அகழாய்வுகளின் அறிக்கை வெளிவர வருஷக்கணக்கில் ஆகிறது. தொல்லியல் துறை இந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் ஒரு வித்தியாசம். கிடங்குப் பெட்டியில் எண் இருக்கிறது, எந்தக் குழி, எந்த அடுக்கு என்ற குறிப்பு இருக்கிறது. ஐம்பது வருஷம் கழித்து ஒரு மாணவி வந்து புதுக் கேள்வி கேட்டால் அந்தப் பெட்டி பதில் சொல்லும். வீட்டுக் கண்ணாடி அலமாரி சொல்லாது. சேகரித்தவர் இறந்த பிறகு அதுவும் ஏலத்துக்குப் போய் நாலு திசையில் சிதறும்.

நான்கு: "தொல்லியலாளர்களே எங்கள் உதவியைத்தான் கேட்டார்கள்." ஆமாம், லிட்டில் பிக்ஹார்னில் தன்னார்வலர்கள் இல்லாமல் அந்த வேலை நடந்திருக்காது. அவர்களுக்கு ஒரு சலாம் போட வேண்டும். ஆனால் அவர்கள் அங்கே என்ன செய்தார்கள்? சத்தம் வந்த இடத்தில் கொடியை நட்டுவிட்டு நகர்ந்தார்கள். பொருளைப் பாக்கெட்டில் போடவில்லை. அதே கருவி, அதே ஆட்கள், அதே திறமை. சேர்ந்ததெல்லாம் ஒரு கொடியும் கொஞ்சம் பொறுமையும். ஆக, இந்த உதாரணம் டிடெக்டரைக் காப்பாற்றுகிறது, வெல்வெட் பெட்டியைக் காப்பாற்றவில்லை.

போலிச் சரக்கும் அதே கடையில்தான்

சேகரிப்பாளர்களின் சுயநலத்துக்காகவே ஒரு வார்த்தை. 1876-க்கு முந்தைய ராணுவத் தோட்டா உறையின் அடியில் எழுத்து இருக்காது. ஃபிராங்க்ஃபோர்டு ஆயுதச்சாலை தேதி முத்திரை குத்தத் தொடங்கியது 1877-இல். இப்படிப்பட்ட நுணுக்கங்களைக் கரைத்துக் குடித்தவர்கள்தான் சேகரிப்பாளர்கள். ஆனாலும் ஏமாறுகிறார்கள். "டிஃபனி" பெயரும் "வெல்ஸ் ஃபார்கோ" பெயரும் பொறித்த அழகான பித்தளை பக்கிள்கள் ஒரு காலத்தில் பழைய மேற்கின் அபூர்வப் பொருட்களாக விற்றன. அவை 1960-களில் செய்த போலிகள். அவற்றுக்கு ஆதாரமாக ஒரு போலிப் புத்தகம்கூடத் தயாரித்தார்கள்!

போலி ஏன் எடுபடுகிறது? அசல் சரக்குக்கும் பிறந்த இடம் தெரியாததால்தான். "மொன்டானா, தோண்டி எடுத்தது" என்பதே போதுமான சான்று என்று சந்தை ஒப்புக்கொண்டுவிட்டால், அந்தச் சீட்டை அச்சடிக்க எவருக்குக் கஷ்டம்? ஒழுங்காக எடுத்த குறிப்பு சரித்திரத்துக்கு மட்டும் நல்லது செய்வதில்லை, வாங்குகிறவரின் பணத்துக்கும் அதுதான் காவல்.

அப்படியானால் என்னதான் செய்யலாம்?

தனியார் ஆட்கள் தொடவே கூடாது என்பது இந்தப் பதிவின் கட்சி கிடையாது. நல்ல உதாரணமே ஒரு தனியார் குடும்பத்திடமிருந்துதான் வருகிறது. 1856 செப்டம்பர் 5-இல் அரேபியா என்ற நீராவிப் படகு மிசூரி ஆற்றில், நீருக்கடியில் கிடந்த மரத்தில் மோதி மூழ்கியது. எல்லைப்புற ஊர்களுக்குக் கொண்டுபோன சரக்கோடு சேற்றில் புதைந்தது. ஆறு தடம் மாறியதால் அந்த இடம் கேன்சஸ் மாநிலத்தில் ஒரு சோளக்கொல்லை ஆகிவிட்டது. 1987-இல் ஹாலி குடும்பத்தினர் அதைக் கண்டுபிடித்து, அடுத்த வருஷம் சுமார் 45 அடி ஆழம் தோண்டினார்கள். புதையல் ஆசையில் தொடங்கிய வேலைதான். ஆனால் பீங்கானும் செருப்பும் பொத்தானும் ஊறுகாய் ஜாடியும் வெளியே வர வர மனம் மாறியது. விற்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். 1991-இல் கேன்சஸ் சிட்டியில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். ஒரு படகின் சரக்கு ஒரே இடத்தில் ஒன்றாக இருந்ததால்தான், 1856-இல் ஒரு எல்லைப்புறக் கடைக்கு என்னென்ன போனது என்று முழுசாகப் பார்க்க முடிந்தது. தனித்தனியாக ஏலம் போட்டிருந்தால் கொஞ்சம் பழைய செருப்பும் கொஞ்சம் பழைய பொத்தானும்தான் மிஞ்சியிருக்கும்.

இதற்கு முன்பே பெர்ட்ராண்ட் என்ற படகுக்கும் இப்படி நடந்தது. 1865 ஏப்ரல் 1-இல் மூழ்கியதைத் தனியார் தேடலாளர்கள் 1968-இல் கண்டுபிடித்தார்கள். அது அரசு வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருந்ததால் சரக்கு ஒரே தொகுப்பாக அரசிடம் காப்பாற்றப்பட்டது. ஒன்றில் சட்டம் செய்ததை, மற்றதில் ஒரு குடும்பத்தின் மனசாட்சி செய்தது. இரண்டிலும் பொது அம்சம் ஒன்றுதான்: சேர்ந்து கிடந்ததைப் பிரிக்கவில்லை.

எல்லோரும் அருங்காட்சியகம் கட்ட முடியாது. ஆனால் தன் பண்ணையில் டிடெக்டர் பிடிக்கிற ஒரு ஆள் இவற்றைச் செய்ய முடியும்:

- எடுப்பதற்கு முன் ஒரு போட்டோ. ஜிபிஎஸ் எண், ஆழம், பக்கத்தில் கிடந்தவை பற்றி இரண்டு வரி. கைப்பேசி ஒன்றே இதையெல்லாம் செய்துவிடும்.
- ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பை, ஒரு எண்.
- விலை போகாத சில்லையும் எலும்பையும் ஆணியையும் அதே மரியாதையோடு எடுத்துவைத்தல்.
- எலும்போ கல்லறையோ தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் சொல்லுதல்.
- மாநிலத் தொல்லியல் அலுவலகத்துக்கு ஒரு கடிதம்.
- கிடைத்த தொகுப்பை உடைத்து விற்காமல் இருத்தல்.

வாங்குகிறவர் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். "இது எங்கே கிடைத்தது? குறிப்பு எங்கே?" என்று கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் பணத்தை எடுக்கக் கூடாது. நூறு சட்டம் செய்யாததை இந்த ஒரு கேள்வி செய்யும். குறிப்பு இல்லாத சரக்கு விலை போகாது என்று தெரிந்தால், இரவில் டார்ச்சோடு கோட்டை இடிபாட்டுக்குள் நுழைகிறவன் எதற்காக நுழைவான்?

எல்லைப்புறச் சரித்திரத்தை இதுவரை அதிகம் எழுதியவர்கள் பேனா வைத்திருந்தவர்கள். கர்னல்கள், பத்திரிகைக்காரர்கள், பிறகு சினிமாக்காரர்கள். ஷையான் தாய், சீனக் கூலி, கறுப்பினச் சிப்பாய், பாஸ்டன் சலூனில் புகைபிடித்த அந்தப் பெண் ஆகியோரின் தரப்பு ஏட்டில் குறைவு, மண்ணில் அதிகம். அந்த மண்ணை ஒரு தடவைதான் படிக்க முடியும். படித்த பக்கம் அப்போதே கலைந்துவிடும், தொல்லியலாளர் படித்தாலும் சரி, சேகரிப்பாளர் படித்தாலும் சரி. படிக்கும்போதே எழுதிவைப்பவர்தான் அதைக் காப்பாற்றுகிறார். எழுதாமல் பக்கத்தைக் கிழித்து, அதிலிருந்த படத்தை மட்டும் வெட்டி விற்பவருக்கு வேறு பெயர் இருக்கிறது. அது "பாதுகாவலர்" இல்லை.